முகத்துவாரத்துப் பாடு

கள்ளக்குறிச்சியில் தொழில் செய்கிற வழக்கறிஞருக்கு மீன்பிடி வழக்கு வருவது அபூர்வம். வந்தாலும், ஏரியில் மீன்பாசி ஏலம் எடுத்தவருக்கும் ஊராருக்கும் நடக்கிற தகராறாகத்தான் இருக்கும். கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி, விருத்தாசலம் தாண்டி வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான். ஆனாலும் மலையிலிருந்து வன உரிமைச் சட்டப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது என் அலுவலகத்துக்கு வந்தால், நான் முதலில் கேட்கும் கேள்விகள் பழவேற்காட்டு ஏரியில் ஒரு மீனவப் பெரியவரிடம் கற்றுக்கொண்டவை.

1990-களின் பிற்பகுதி. பொன்னேரியில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவ ஊர் ஒன்று, பக்கத்து ஊரின் மீது தடையாணை கேட்டு வழக்குப் போட எங்களிடம் வந்தது. இரண்டு ஊர்களின் பெயரும் இங்கே வேண்டாம். இரண்டிலும் அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே தண்ணீரில்தான் பிழைக்கின்றன.

வழக்கின் பொருள் ‘பாடு’. பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய தண்ணீரில்தான் இறால் கூட்டமாக வரும். நீர் ஏறும் ஏத்தத்தில் உள்ளே நுழைந்து ஏரியில் வளர்ந்த இறால், நீர் இறங்கும் வத்தத்தில் கடலுக்குத் திரும்பும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கழி ஊன்றி வலை கட்டினால் ஓர் இரவில் கிடைப்பது, ஏரியின் நடுவில் பல நாள் அலைந்தாலும் கிடைக்காது. வலை கட்டத் தோதான இடங்களோ சில. வலை போட ஆசைப்படுகிறவர்கள் ஊர் முழுவதும். அதனால் அந்த நீர்ப்பரப்பைப் பாடுகளாகப் பிரித்து, யாருக்கு எந்தப் பாடு எந்த இரவு என்று சீட்டுக் குலுக்கி முறை போட்டுக்கொள்வார்கள். கல்யாணமாகி ஊரில் தலைக்கட்டாகச் சேர்ந்தவனுக்குத்தான் சீட்டு. எந்த வலை, எத்தனை வலை, எப்போது எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்தின் கட்டு. மீறினால் அபராதம், அடுத்த முறை ரத்து.

வழக்கு வந்த சமயத்தில் இறாலுக்கு நல்ல விலை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணை வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளையும் சுற்றி 1,000 மீட்டருக்குள் பண்ணையே கூடாது என்றது. அந்த வழக்கைப் போட்டவர் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன். அதன் பிறகும் விலை இறங்கவில்லை. ஏரி இறாலுக்குப் போட்டி கூடியது. பாட்டு முறையில் இல்லாத பக்கத்து ஊர்க்காரர்கள் முகத்துவாரத்தில் வலை கட்டத் தொடங்கினார்கள். வலை அறுந்தது, ஓடம் உடைந்தது, இரண்டு பேருக்கு மண்டையில் தையல். காவல் நிலையத்தில் இரண்டு பக்கமும் புகார். அதற்கு மேல்தான் எங்களிடம் வந்தார்கள்.

பிராது எழுத உட்கார்ந்தபோதே சிக்கல். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 7, விதி 3: அசையாச் சொத்து பற்றிய வழக்கென்றால் அதை அடையாளம் காணும்படி எல்லையோ சர்வே எண்ணோ சொல்ல வேண்டும். மீன்பிடிக்கும் உரிமை அசையாச் சொத்தா என்று கேட்டால், ஆம் என்று உச்ச நீதிமன்றம் 1955-லேயே சொல்லிவிட்டது. ஆனந்த பெஹரா வழக்கு. அதுவும் சிலிகா ஏரியில் குறிப்பிட்ட பகுதிகளில் மீன் பிடிக்கும் உரிமையைப் பற்றியதுதான். ஆகவே முகத்துவாரத் தண்ணீருக்கு நாங்கள் நான்கெல்லை எழுத வேண்டும்.

நீதிமன்றம் அட்வகேட் கமிஷனரை நியமித்தது. சர்வேயர், இரு தரப்பு வழக்கறிஞர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று இரண்டு ஓடங்களில் போனோம். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. எங்கள் தரப்புப் பெரியவர் எழுந்து நின்று, தூரத்துக் கலங்கரை விளக்கத்தையும் கரையோரத்து ஒற்றைப் பனையையும் கையால் காட்டினார். ஓடம் மெல்ல நகர்ந்தது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வந்ததும், “இங்க” என்றார். சர்வேயர் குறித்துக்கொண்டார். மறுபக்கத்து எல்லைக்குக் கோயில் கோபுரமும் ஒரு மேடும். இப்படியே ஒவ்வொரு பாட்டுக்கும். எதிர்த்தரப்பு ஊர்ப் பெரியவரும் அதே ஓடத்தில்தான் இருந்தார். காட்டிய அடையாளங்களில் ஒன்றைக்கூட அவர் மறுக்கவில்லை. பாடு எங்கே இருக்கிறது என்பதில் அவர்களுக்குள் தகராறே இல்லை. அது யாருக்கு என்பதில்தான்.

திரும்பும் வழியில் முழங்கால் தண்ணீரில் இருளர் பெண்கள் குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துப் பிடித்தபடி, இரண்டு கையாலும் இறாலைத் துழாவிப் பிடித்துப் பறிக்குள் போட்டார்கள். வலை இல்லை, ஓடம் இல்லை. எங்கள் பிராதிலும் அவர்கள் இல்லை, எதிருரையிலும் இல்லை.

விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நல்ல அனுபவசாலி. பெரியவரைக் குறுக்கு விசாரணை செய்தார்.

“வடக்கு எல்லை பனை மரம் என்கிறீர்கள். அது விழுந்துவிட்டால்?”

“வேற அடையாளம் வெச்சிக்குவோம் சார்.”

“முகத்துவாரம் இடம் மாறுவது உண்டா?”

“மாறும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஒடைச்சிக்கும். சில வருசம் வடக்கால தள்ளிப் போவும். மணலு மூடிக்கிறதும் உண்டு.”

“அப்படியானால் பாட்டின் எல்லையும் மாறும்?”

“தண்ணி போற எடத்துக்குத்தானே வலை போவணும்? யாருக்கு எந்த ராத்திரின்னு சீட்டுல இருக்குது. அது மாறாது.”

நிலையில்லாத எல்லைக்கு எப்படித் தடையாணை கொடுக்க முடியும் என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். அதைவிடப் பெரியது அடுத்தது. ஏரி அரசுடையது. ஊர் என்பது ஆட்கள் சேர்ந்தும் பிரிந்தும் மாறிக்கொண்டே இருக்கும் கூட்டம். அப்படிப்பட்ட கூட்டம் வழக்கத்தின் பேரில் மீன்பிடி உரிமை கோர முடியாது என்று 1882-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஜமீன் நீர்நிலைகளில் மீன் பிடிக்க ஊராருக்கு வழக்கப்படி உரிமை உண்டு என்ற வாதத்தை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. எல்லாரும் வரம்பில்லாமல் பிடித்தால் மீனே அழிந்துபோகும், அப்படிப்பட்ட வழக்கம் நியாயமானதாக இருக்க முடியாது என்பது காரணம்.

ஊர் கோரினால் மறுக்கிற சட்டம், ஜமீன் கோரினால் கொடுத்திருக்கிறது. 1904-இல் சென்னை உயர் நீதிமன்றம் அன்னக்குமாரு பிள்ளை வழக்கில், பாக் விரிகுடாவில் ராமநாதபுரம் ஜமீனின் சங்குப் படுகையில் சங்கு எடுத்ததைத் திருட்டு என்றது. கடலடியில் கிடக்கிற சங்குக்கு உடைமைக்காரர் உண்டு என்று நீதிமன்றத்தால் பார்க்க முடிந்தது. தலைமுறை தலைமுறையாக அதே கடலில் மூச்சடக்கி இறங்கியவர்களின் உரிமையைப் பார்க்கிற கண் சட்டத்துக்கு இல்லை. நூலகத்தில் அந்தத் தீர்ப்பைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

கல்கத்தா தீர்ப்பை எப்படித் தாண்டுவது என்று நானும் சீனியரும் பல நாள் யோசித்தோம். வழி அந்தத் தீர்ப்பிலேயே இருந்தது. அங்கே வழக்கம் தோற்றது வரம்பில்லாததால். பாடு என்பதே வரம்புதான். எத்தனை இடம், எத்தனை வலை, எந்த இரவு, எந்தக் குடும்பம் என்று அறுதியிட்டு, மற்றவர்களைக் கரையில் உட்கார வைக்கிற ஏற்பாடு. மீன் அழியும் என்பதற்காக ஒரு வழக்கம் செல்லாது என்றால், மீன் அழியாமல் காக்கிற வழக்கம் செல்லத்தானே வேண்டும்? சீனியர் இதைச் சொல்லி வாதாடிய அன்று எங்கள் கட்சிக்காரர்கள் வராந்தாவில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் புரியவில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது புரிந்தது.

வழக்கத்தை நிரூபிக்க ஊர்ப் பஞ்சாயத்தின் நோட்டுப் புத்தகங்களைச் சான்றாவணங்களாகக் குறியீடு செய்தோம். அப்போதைய சாட்சியச் சட்டம் பிரிவு 13, உரிமை கோரப்பட்ட, ஒப்புக்கொள்ளப்பட்ட, செலுத்தப்பட்ட நிகழ்வுகளைச் சாட்சியமாக ஏற்றது. பிரிவு 48-இன் கீழ் வழக்கம் தெரிந்த பெரியவர்களின் கருத்தும் செல்லும். உப்புக்காற்றில் விறைத்துப்போன அந்தப் பக்கங்களை நான்தான் வரிசைப்படுத்தினேன். பெயர், பாடு, அமாவாசைக்கு எத்தனையாம் நாள், அபராதம், கைநாட்டு. காய்ச்சலில் படுத்தவனின் முறையை அவன் அண்ணன் போட்டதும், பாதி அவன் வீட்டுக்குப் போனதும் ஒரு வரியில் இருந்தது. இவ்வளவு ஒழுங்கான ஆவணத்தை எத்தனையோ சொத்து வழக்குகளில் நான் பார்த்ததில்லை.

ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் மூன்றாவது வாதம் ஒன்று இருந்தது. அரசியலமைப்பின் 13-ஆம் உறுப்பில் ‘சட்டம்’ என்பதற்குள் வழக்கமும் அடங்கும். அடிப்படை உரிமைக்கு முரணான வழக்கம் செல்லாது. பாட்டில் சேர முதல் தகுதி, குறிப்பிட்ட சாதியில் குறிப்பிட்ட ஊரில் பிறந்திருப்பது. அப்படியானால் அது எப்படிச் செல்லும்? அவர் கட்சிக்காரர்களும் ஏழைகள். பாட்டுக்காரர்களின் ஓடங்களில் கூலிக்குப் போனவர்கள். அவர்கள் இழுவலை போட்டுவந்த பகுதி தூர்ந்துகொண்டே வந்தது. “வரம்பு நல்லதுதான். அந்த வரம்புக்குள் யார் என்பதை யார் முடிவு செய்தது?” என்று கேட்டார்.

இதற்கு எங்களிடம் பதில் இருந்தது. முழுப் பதில் இல்லை. கதவைத் திறந்துவிட்டால் பாடே இருக்காது, யாருக்கும் இறால் இருக்காது என்றோம். அது உண்மை. கதவு பிறப்பால் பூட்டப்பட்டிருக்கிறது என்று அவர் சொன்னதும் உண்மை. அன்று நான் வாதி தரப்பில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் மனதில் நிற்பது அவருடைய கேள்விதான்.

தீர்ப்பு வரவில்லை. நீதிபதி சமரசத்துக்கு நேரம் கொடுத்தார். ஊர்க் கூட்டங்கள், கோட்டாட்சியர் முன் அமைதிப் பேச்சு, மறுபடி கூட்டங்கள். இது ஊர் சார்பான பிரதிநிதித்துவ வழக்கு என்பதால் நாலு பேர் கையெழுத்துப் போட்டுச் சமரசம் செய்துகொள்ள முடியாது. கட்டளை 23, விதி 3-பி-யின்படி நீதிமன்ற அனுமதி வேண்டும், இரு ஊராருக்கும் அறிவிப்புப் போக வேண்டும். எல்லாம் நடந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நல்ல ஓட்டத்து இரவுகள் பழைய பாட்டுக்காரர்களுக்கு. இடைப்பட்ட இரவுகளில் சில பாடுகள் அடுத்த ஊருக்கு. அங்கேயும் சீட்டு, அங்கேயும் அதே வலை அளவு, அதே அபராதம். கையால் இறால் தடவுகிறவர்களை எந்த நாளிலும் யாரும் தடுக்கக்கூடாது என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொன்னவன் நான். சீனியர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டச்சருக்குச் சொல்லிவிட்டார். இரு ஊரும் மறுக்கவில்லை.

கடலில் எல்லை போடத் தெரியாத அரசு அல்ல நம்முடையது. 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி விசைப்படகுகள் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் மீன்பிடிக்கக் கூடாது. அந்த நீர் நாட்டுப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் உரியது. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று நாளையும் பிரித்திருக்கிறார்கள். சுருக்குமடி வலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் போட்ட இடைக்கால உத்தரவு, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடம், நாள், நேரம் மூன்றையும் குறித்தது. படித்தபோது எனக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. பாட்டுக்காரர்கள் செய்ததும் இதேதான்.

வித்தியாசம் காவலில் இருக்கிறது. அரசு போட்ட அந்தக் கரையோரக் கோட்டைக் காக்க மீன்வளத் துறையின் படகு வர வேண்டும். இரவில் இழுவைப்படகு கரையோரம் வந்து நாட்டுப்படகுக்காரரின் வலையை அறுத்துக்கொண்டு போனால், துறையின் படகு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பாட்டின் எல்லையை யாராவது மீறினால் அடுத்த பாட்டில் நிற்கிறவனுக்கு அந்த நிமிடமே தெரியும். அவனுக்கு நஷ்டம், ஆகவே அவனே காவல். இந்தக் காவலுக்குச் சட்டத்தின் துணை மட்டும் கிடைத்தால் போதும். இலங்கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நீர்கொழும்புக் களப்பில் இதே மாதிரி கட்டுவலைக்கு மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துவந்தன. 1958-இல் அரசு அந்த வழக்கத்தையே ஒழுங்குவிதியாக எழுதி வெளியிட்டது. நம்மிடம் பாடு இன்றும் ஊரின் நோட்டில்தான் இருக்கிறது. பாரம்பரிய மீனவர் உரிமைக்கென்று 2009-இல் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் தயாரித்த மசோதா வரைவும் சட்டமாகவில்லை.

மலையில் நிலைமை வேறு. கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் கையிலிருந்து அரசுக்கு வந்தது 1976-இல்தான். மலைமக்கள் முதன்முதலாக வாக்களித்தது 1996-இல் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. பாதைக்கும் பட்டாவுக்கும் இன்னும் அலைகிறவர்கள் அவர்கள். ஆனால் கடற்கரைக்குக் கிடைக்காத ஒன்று மலைக்குக் கிடைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(டி), நீர்நிலைகளின் மீனையும் பிற விளைபொருளையும் சமூக உரிமையாகவே சொல்கிறது. கல்கத்தா தீர்ப்பு மறுத்ததை நாடாளுமன்றம் ஒரே வரியில் கொடுத்துவிட்டது. கோருவதும் கிராம சபை, காப்பதும் கிராம சபை. வயது வந்த எல்லாரும் அதில் உறுப்பினர், பெண்கள் உட்பட. பொன்னேரியில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடிய கதவு இது.

இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. மலையாளிப் பழங்குடி மக்கள் கொண்டுவருகிற படிவங்களில் பெரும்பாலும் நிலம்தான் இருக்கும். சமூக உரிமைக்கான ‘பி’ படிவத்தில் மீன் என்ற இடம் வெறுமையாக இருக்கும். “ஓடையில மீன் புடிக்கிறது ஒரு உரிமையா சார்?” என்று வெள்ளிமலைப் பக்கத்து இளைஞர் ஒருவர் கேட்டார். கூட வந்த ஊர்க்கவுண்டரைப் பார்த்து நான் கேட்டேன்: எந்த மடு? கோடையில் யார் பிடிப்பார்கள்? யார் பிடிக்கக் கூடாது? தப்புச் செய்தால் ஊர் என்ன செய்யும்? எந்தக் கல், எந்த மரம் எல்லை? முதலில் தயங்கினார். பிறகு மடுக்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். இளைஞருக்கே அவற்றில் பாதி தெரிந்திருக்கவில்லை. பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் எடுத்தால் அதுவும் சான்றுதான் என்று அச்சட்ட விதி 13 சொல்கிறது. அன்றே எழுத உட்கார்ந்தோம்.

1983-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று நான் சந்திக்கிற ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரிடமும் சொல்லிவருகிறேன். கடலோர ஊர்களின் வழக்கமான மீன்பிடி எல்லைகளையும் முறைகளையும் ஊரே எழுதிக் கொடுக்கட்டும், மீன்வளத் துறை பதிவு செய்யட்டும். அந்த முறைக்குள் வராத, கையால் மீன் பிடிக்கிறவர்களும் பெண்களும் விடுபடவில்லை என்று பார்த்த பிறகே பதிவு செய்யட்டும். 2011-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே மீனவர் ஊர்களையும் அவர்களின் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. அதே வரைபடத்தில் முகத்துவாரத்துப் பாட்டையும் குறிப்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

அந்த மலையூரின் படிவத்தில் கடைசியில் நாங்கள் எழுதியது இது. மேல் மடு முதல் பாறைத் திருப்பம் வரை ஊராரின் பொது மீன்பிடிப்பு. தோட்டாவும் விஷமும் கூடாது. 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமும் தடுப்பதுதான் என்றாலும், ஊர் தன் வாயால் சொல்லட்டும் என்று எழுதினோம். முட்டையிடும் மழைக்காலத்தில் மேல் மடுவில் யாரும் இறங்குவதில்லை. கூடையிலும் கையாலும் பிடிக்கிற பெண்களுக்கு முறை கிடையாது, எந்த நாளும் பிடிக்கலாம். ஓடை தடம் மாறினால் எல்லையும் ஓடையோடு மாறும். கிராம சபையில் தீர்மானத்தை வாசித்தபோது, கடைசி வரி தேவையா என்று ஒருவர் கேட்டார். ஊர்க்கவுண்டர் தேவை என்றார். அப்படியே நிறைவேற்றி உட்கோட்டக் குழுவுக்கு அனுப்பினோம்.